சிற்றிதழுக்குள் இன்னொரு இதழ்: இரண்டாம் பொருளை எங்கே மறைப்பது?

‘ஸீன்’ என்று அழைக்கப்படும் கையால் செய்த சிற்றிதழில் மேலே ஒரு பொருளும் அடியில் இன்னொரு பொருளும் வைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். எது வெளியே தெரிய வேண்டும், எது உள்ளே கிடக்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. உள்ளே கிடப்பதை மடிப்புக்குள் வைப்பதா, மெல்லிய தாளுக்குப் பின்னால் வைப்பதா, சொற்களுக்குள்ளேயே புதைப்பதா, நிறத்தில் ஒளிப்பதா என்ற கேள்வியில்தான் வேலை நின்றுபோகிறது. நான்கு வழிகளும் அழகானவை என்பதால் மனம் எதையும் விட மறுக்கிறது.

பொதுப்படையாக ஒப்பிட்டால் எல்லா வழிகளும் நல்லவையாகவே தோன்றும். ஆகவே ஒரே ஓர் இதழை எடுத்துக்கொண்டு நான்கு வழிகளிலும் அதைச் செய்துபார்ப்போம். அதன் பெயர் ‘வீட்டைக் காலி செய்வது எப்படி’. எட்டுப் பக்கங்கள், மேலோட்டமாகப் படித்தால் பெட்டி கட்டுவது, அலமாரியைத் துடைப்பது, சாவியை ஒப்படைப்பது ஆகியவற்றைப் பற்றிய நிதானமான அறிவுரைகள். அடியில் இருப்பது வேறு: அந்த வீட்டில் வாழ்ந்து மறைந்த தாயை விட்டுப் போக முடியாத ஒரு மகளின் குரல். முப்பது பிரதிகள் வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், மேல் அடுக்கு தன்னளவில் நிற்கிறதா என்பது. உள்பொருளைக் கண்டுபிடிக்காத வாசகருக்கும் அவர் கையில் இருப்பது முழுமையான ஓர் இதழாக இருக்க வேண்டும். பெட்டி கட்டும் அறிவுரை உண்மையிலேயே பெட்டி கட்ட உதவினால்தான் அதன் அடியில் இருக்கும் துயரத்துக்குக் கனம் கூடும். மறைக்கும் முறை மேல் அடுக்கின் மொழியையோ படத்தையோ எவ்வளவு வளைக்கிறது என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வாசகரின் கை என்ன செய்கிறது என்பது. விரிப்பதும், தூக்கிப் பார்ப்பதும், மேலிருந்து கீழாகப் படிப்பதும், வண்ணத் தாளை வைத்துப் பார்ப்பதும் வெவ்வேறு செயல்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உணர்வு உண்டு. அந்தச் செயல் உள்பொருளோடு ஒட்டவில்லை என்றால் இதழ் வெறும் விடுகதையாகச் சுருங்கிவிடும். என் தீர்ப்பில் மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இதற்கே எடை அதிகம்.

மூன்றாவது, பிரதி எடுத்தால் உள்பொருள் பிழைக்கிறதா என்பது. சிற்றிதழ் கைமாறுவதற்காகப் பிறந்தது. யாரோ அதை நகலெடுப்பார்கள், யாரோ கைபேசியில் படம் பிடித்து அனுப்புவார்கள். நான்காவது, ஒரு பிரதிக்கு ஆகும் கைவேலை. ஒரு பிரதிக்குப் பத்து நிமிடம் என்றால் முப்பது பிரதிக்கு ஐந்து மணி நேரம். முதல் மாதிரியைச் செய்யும் உற்சாகத்தில் இந்தக் கணக்கு எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஐந்தாவது, இந்த முறை யாரை வெளியே நிறுத்துகிறது என்பது: பார்வை குறைந்தவர்கள், நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்கள், விரல் நடுக்கம் உள்ளவர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இவற்றில் எதுவும் இரகசியத்தைக் காக்கும் முறை அல்ல. வெளியே தெரிந்தால் ஒருவருக்குத் தீங்கு வரும் என்று நீங்கள் அஞ்சும் செய்தியை எந்த அடுக்கிலும் வைக்காதீர்கள். இங்கே மறைப்பது, வாசகர் தேடி வந்து அடைவதற்காகத்தான்.

## மடிப்புக்குள் மறைப்பது

ஒரே ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு கீறல் போட்டால் தைக்காமலும் ஒட்டாமலும் எட்டுப் பக்கச் சிற்றிதழ் கிடைக்கிறது. 297 × 210 மி.மீ. அளவுள்ள தாள் ஏறத்தாழ 74 × 105 மி.மீ. அளவுள்ள எட்டுப் பக்கங்களாகிறது. தாளின் ஒரு முகம் மட்டுமே பக்கங்களாக வெளியே வருகிறது. மறுமுகம் முழுவதும் மடிப்புகளுக்குள் போய்விடுகிறது. மறைப்பதற்கென்று நீங்கள் எதையும் செய்ய வேண்டாம். அந்த இடம் தானாகவே அமைகிறது.

நம் இதழில் ஒவ்வொரு சிறு பக்கமும் ஓர் அறையைப் பற்றியதாக இருக்கட்டும். தாளை முழுதும் விரித்தால் மறுமுகத்தில் அந்த வீட்டின் முழு வரைபடம். அறிவுரை சொல்லப்பட்ட ஒவ்வொரு மூலையிலும் அங்கே நடந்தது எழுதப்பட்டிருக்கும். துண்டு துண்டாக வாசித்தது ஒரே வீடாகச் சேர்கிறது. நடுவே ஓடும் கீறல் ஏறத்தாழ 148 மி.மீ. நீளம் இருக்கும், வரைபடத்தை அது பிளக்கும் என்பதால் பலர் அதைக் குறையாகக் கருதி அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நானாக இருந்தால் அந்தக் கீறலையே வீட்டின் நடையாக வரைந்துவிடுவேன். எல்லா அறைகளும் அதில் திறக்கும்; விரல் அதன் வழியே நுழையவும் முடியும்.

இங்கே வெளியில் தெரியாத செலவுகள் மூன்று. முதலாவது, தாளின் தடிமன். 70 ஜிஎஸ்எம் (அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) தாளில் கறுப்பாக நிரப்பிய மறுமுகம் முன்பக்கம் தெரிந்துவிடும். 120 ஜிஎஸ்எம்முக்கு மேல் போனால் மடிப்பு முரண்டு பிடித்து இதழ் மூடாமல் வாய் பிளந்து நிற்கும். இரண்டாவது, கீறலின் இரு முனைகளும் திரும்பத் திரும்ப விரிக்கும்போது கிழியத் தொடங்கும் என்பதால் அங்கே ஒரு சிறு வட்டத் துளையிட்டு நிறுத்துவது நல்லது. மூன்றாவதுதான் பெரியது: பல வாசகர்கள் எட்டாம் பக்கத்தோடு நின்றுவிடுவார்கள். தாளை விரிக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு ஓரத்தைத் தாண்டி உள்ளே போவதுபோல் வரைவதோ, ‘எல்லா அறைகளையும் திறந்து பார்த்துவிட்டீர்களா?’ என்று அறிவுரையின் தொனியிலேயே கேட்பதோ போதுமான குறிப்பாக இருக்கும்.

இதற்கு நெருங்கிய உறவுடைய இன்னொரு மடிப்பும் உண்டு. தாள்களை இரண்டாக மடித்து, திறந்த ஓரங்களை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டால், மூடிய மடிப்பு வெளியோரமாக நிற்கும்; உள்ளே அச்சிட்டதைப் படிக்க வாசகர் கத்தியால் கீற வேண்டும். அது மீட்க முடியாத செயல் என்பதால் வலிமையானது. அதே காரணத்தால் இதழைச் சேதப்படுத்த மனம் வராத வாசகர்கள் உள்ளே போகவே மாட்டார்கள். அறிவதற்கு ஒரு விலை உண்டு என்பதே உங்கள் பொருளாக இருந்தால் மட்டும் இதைக் கையில் எடுங்கள்.

சிதறியவை ஒன்றாகக் கூடுவது, சிறியது பெரியதாவது, அடைத்திருந்தது திறப்பது ஆகியவை உங்கள் உள்பொருளின் வடிவமாக இருந்தால் மடிப்பே சரியான தேர்வு. பிரதிகள் நிறைய வேண்டும், கையில் நேரம் குறைவு என்றாலும் இதுவே.

## மெல்லிய தாளை மேலே போடுவது

டிரேசிங் தாளில் வரைந்த ஒரு படத்தைச் சாதாரணத் தாளில் உள்ள படத்தின்மேல் வைத்துத் தைத்தால், மூடியிருக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரு காட்சி. மேல்தாளைத் தூக்கினால் அடியில் உள்ளது மட்டும் இன்னொரு காட்சி. நம் இதழுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். அடித்தாளில் வெறும் அறை; மேல்தாளில் கட்டில், நாற்காலி, சுவரில் மாட்டிய படம். வாசகர் பக்கத்தைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அறையை அவரே காலி செய்கிறார். மூடினால் எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. வாழ்க்கையில் வராதது தாளில் வருகிறது. வேறு எந்த முறையும் இதைத் தராது.

எழுத்திலும் இதைச் செய்யலாம். அதற்குத் தமிழ் எழுத்து முறையே உதவிக்கு வருகிறது. ‘போ’ என்பது ஓர் எழுத்து என்றாலும் வடிவத்தில் இரட்டைக் கொம்பு, பகரம், கால் என்று மூன்று துண்டுகள். கொம்பை மட்டும் மேல்தாளில் எழுதி மற்றவற்றை அடித்தாளில் எழுதினால், தாளைத் தூக்கியவுடன் ‘போ’ என்பது ‘பா’ ஆகிவிடும். ‘பெட்டியில் போட்டு வையுங்கள்’ என்ற அறிவுரை, மேல்தாள் எழுந்ததும் ‘பெட்டியில் பாட்டு வையுங்கள்’ என்று மாறும். இதே வழியில் ‘கொடு’ என்பதன் அடியில் ‘காடு’ இருக்கிறது. ‘போட்டி’ என்பதன் அடியில் ‘பாட்டி’ இருக்கிறாள். ஒரு கொம்பை எடுத்தால் பொருளே மாறும் இந்தச் சொற்களைத் தேடிப் பட்டியலிடுவது ஒரு மாலைப்பொழுதை இன்பமாகக் கழிக்கும் வழி. ஆனால் இதைக் கணினியில் செய்ய முயன்றால், தனித்து நிற்கும் கொம்போடு ஒரு புள்ளி வட்டமும் சேர்ந்து வந்து தொல்லை தரும். கையால் எழுதுங்கள், கையெழுத்தில்தான் இந்த வித்தை உயிரோடு இருக்கும்.

செலவுகளும் கணிசமானவை. இரு தாள்களும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும், 2 மி.மீ. நகர்ந்தாலும் கொம்பு எழுத்தின்மேல் ஏறிவிடும். பசை வைத்தால் டிரேசிங் தாள் ஈரத்தை உறிஞ்சிச் சுருண்டுவிடும் என்பதால் முதுகில் மூன்று துளையிட்டு நூலால் தைக்க வேண்டும், அல்லது ஸ்டேப்ளர் போட வேண்டும். மைத்தெளிப்பு அச்சுப்பொறியின் மை அதன்மேல் எளிதில் காயாமல் விரலில் ஒட்டிக்கொள்ளும். மைத்தூளால் அச்சிடும் லேசர் அச்சு தேவலாம். முப்பது பிரதிகளுக்கும் ஒவ்வொரு தாளாகப் பொருத்தித் தைக்க ஒரு நாள் முழுதும் போய்விடும். யாராவது ஒளிநகல் எடுத்தால் இரண்டு அடுக்குகளும் ஒன்றாகப் படிந்து உள்பொருள் அழிந்துபோகும்.

தாள் வாங்கவும் தைக்கவும் முடியாதவர்களுக்கு ஓர் எளிய மாற்று உண்டு. பணத்தாள்களில் இருபுறமும் பாதிப் பாதியாக அச்சிட்ட உருவம் வெளிச்சத்தில் பிடித்தால் முழுமையாவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண மெல்லிய தாளின் பின்புறத்தில் கண்ணாடி பிம்பமாக வரைந்து அதையே செய்யலாம். அச்சுப்பொறிகள் இருபுறத்தையும் துல்லியமாகப் பொருத்துவதில்லை என்பதால் அந்தப் பகுதியைப் பிரதிதோறும் சன்னல் கண்ணாடியில் வைத்துக் கையால் வரைவதே பாதுகாப்பானது.

ஒன்று இருந்து இல்லாமல் போவதைப் பற்றிய இதழ்களுக்கும், பத்துப் பதினைந்து பிரதிகள் போதும் என்பவர்களுக்கும் இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

## சொற்களுக்குள் புதைப்பது

தாளே தேவையில்லாத மறைவிடம் மொழி. தமிழில் இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. எழுத்து விளையாட்டாக அமையும் செய்யுள்களான சித்திரகவி வகைகளில் கூடசதுக்கம் என்பது நான்காம் அடியின் எழுத்துகளை முதல் மூன்று அடிகளுக்குள் மறைத்து வைப்பது. காதை கரப்பு என்பது செய்யுளின் முடிவிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னோக்கிப் படித்தால் வேறொரு செய்யுள் கிடைப்பது. அவ்வளவு கடினமான பயிற்சி நமக்கு வேண்டாம். வரிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகப் படிக்கும் எளிய முறையே ஒரு சிற்றிதழுக்குப் போதும்.

போர்வைகளை மடித்து முதல் பெட்டியில் வையுங்கள்.
காலியான அலமாரிகளைத் துடைத்துத் திறந்தே விடுங்கள்.
தேவைப்படாத சாவிகளைத் தனியே கட்டி வையுங்கள்.

அறிவுரை அறிவுரையாகவே இருக்கிறது. ஓரத்தில் மட்டும் ‘போகாதே’ என்று ஒருவர் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். ஒருமுறை கண்டுபிடித்த வாசகர் முதல் பக்கத்துக்குத் திரும்பி ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படிப்பார். எனக்கு இந்த முறையின் மீதுள்ள பற்றுக்கு அந்தத் திரும்புதல்தான் காரணம்.

ஆனால் தமிழில் இதற்கு ஓர் இலக்கணத் தடை உண்டு. அதை அறியாமல் தொடங்கினால் வேலை பாதியில் நிற்கும். சொல்லின் முதலில் மெய்யெழுத்து வராது. ண, ன, ற, ழ, ள ஆகியவற்றின் உயிர்மெய்களும் வருவதில்லை. ட, ர, ல ஆகியவற்றுக்குப் பிறமொழிச் சொற்களின் துணை வேண்டும். ஆகவே ‘கவிதை’யை வரித்தொடக்கங்களில் மறைக்கலாம், ‘அம்மா’வை மறைக்க முடியாது, ஏனெனில் ‘ம்’ என்று எந்தச் சொல்லும் தொடங்காது. மறைக்க வேண்டிய சொல்லை முதலில் முடிவு செய்துவிட்டு வரிகளை எழுதத் தொடங்குகிறவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். வழி இல்லாமல் இல்லை. பாதையை நேர்க்கோடாக விடாமல் வளைத்துவிட வேண்டும்:

அலமாரியின் அடித்தட்டை முதலில் காலி செய்யுங்கள்.
இதற்கு மட்டும் ஒரு முழு நாள் வேண்டும்.
மாடிப்படியின் கீழுள்ள பெட்டிகளை மறக்காதீர்கள்.

முதல் வரியின் தொடக்கம், இரண்டாம் வரியின் முடிவு, மூன்றாம் வரியின் தொடக்கம் என்று கண் வளைந்து போனால் ‘அம்மா’ கிடைக்கிறாள். ண், ன், ம், ய், ர், ல், ழ், ள் ஆகியவை சொல்லின் இறுதியில் இயல்பாக வரும். வல்லின மெய் வேண்டுமென்றால் சந்தி கைகொடுக்கும்: ‘சாவியைக்’ என்று வரியை முடித்து ‘கொடுங்கள்’ என்று அடுத்த வரியைத் தொடங்கினால் ‘க்’ கிடைத்துவிடும். வளைந்த பாதை என்பதால் குறிப்பு இன்னும் தெளிவாக இருக்க வேண்டும். ஓரங்களில் ஒரு கொடியை வளைத்து வரைந்து அது தொடும் எழுத்துகளை வாசகரே கவனிக்கும்படி விட்டுவிடலாம்.

துளையிட்ட அட்டையைப் பக்கத்தின்மேல் வைத்துப் படிக்கும் முறையும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஐரோப்பாவில் 1550இல் இத்தாலியக் கணித அறிஞர் ஜிரோலாமோ கார்டானோ இதை விவரித்தார். தமிழில் இதைச் செய்யும்போது துளையை எழுத்தளவில் வெட்டாதீர்கள். கொம்போ காலோ மறைந்து எழுத்தே மாறிவிடும். சொல்லளவில் வெட்டுங்கள். அட்டை தொலைந்துபோனால் செய்தியும் தொலைந்துவிடும் என்பதால் அதை முன்னட்டையின் மடக்காகவே அமைத்துவிடுவது மேல்.

சொல்லில் மறைப்பதற்குக் காசு செலவே இல்லை. ஒளிநகல், கைபேசிப் படம், கையால் பார்த்தெழுதிய பிரதி எல்லாவற்றிலும் அது பிழைக்கும். வரிகள் உடைந்த இடத்திலேயே உடைய வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. உண்மையான செலவு எழுதுகிறவரின் நேரத்திலும் மொழியிலும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு நாள்கணக்கில் ஆகலாம். எழுத்துக்காகச் சொல்லைத் தேடும்போது வரி செயற்கையாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கைக் கண்ட வாசகர் மேல் அடுக்கின் மீது நம்பிக்கை இழப்பார். நீளமான உள்பொருளுக்கும் இது இடம் தராது. ஒரு சொல், ஒரு பெயர், மிஞ்சினால் ஒரு சிறு வாக்கியம்.

உள்பொருள் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருந்து, அதைச் சொல்கிறவர் வெளிப்படையாகப் பேச முடியாதவராகவும் இருந்தால் இதுவே பொருத்தம்.

## நிறத்தில் ஒளிப்பது

வெளிர்நீலத்தில் எழுதிய சொற்களின்மேல் சிவப்பும் ஆரஞ்சுமாகக் கிறுக்கி நிரப்பினால் வெறும் கண்ணுக்கு எழுத்து குழம்பிவிடும். ஒளி ஊடுருவும் சிவப்பு செலோபேன் தாளை வைத்துப் பார்த்தால் வெள்ளைத் தாளும் சிவப்புக் கிறுக்கலும் ஒரே நிறமாகிவிட, சிவப்பொளியை விழுங்கும் நீலம் மட்டும் கறுத்துத் தெரியும். ஒரே இடத்தில் இருவர் பேசுவதைக் காட்ட இதைவிட நேரடியான வழி இல்லை: சிவப்பில் ஒருவர், நீலத்தில் இன்னொருவர், இரண்டு வண்ணத் தாள்கள். ஒரு சண்டையின் இரு தரப்பையும் வைத்து இதழ் செய்கிறீர்கள் என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம். நம் வீட்டு இதழுக்கு இது ஒட்டாது. அங்கே குரல்கள் மோதவில்லை.

ஒவ்வொரு பிரதிக்கும் வண்ண அச்சும் ஒரு துண்டு செலோபேனும் வேண்டும். கறுப்பு வெள்ளை நகலில் எல்லாம் சாம்பலாகிவிடும். நிறங்களைப் பிரித்தறிய முடியாத வாசகருக்குப் பக்கம் வேறுவிதமாகத் தெரியும். சிலருக்கு ஒளித்த எழுத்து முதலிலேயே தெரிந்துவிடவும் கூடும். உங்கள் மையும் உங்கள் செலோபேனும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு துண்டுத் தாளில் பார்க்காமல் பக்கத்தை வரையத் தொடங்காதீர்கள்.

எலுமிச்சைச் சாற்றில் எழுதிச் சூடுகாட்டுவது, வெள்ளை மெழுகில் எழுதி நீர்வண்ணம் பூசிக் காண்பது ஆகியவற்றையும் சிலர் நினைப்பதுண்டு. ஒருவருக்காக மட்டும் செய்யும் ஒற்றைப் பிரதிக்கு மெழுகு நல்லது. எலுமிச்சை வேண்டாம், தாள் சுருங்கும், நெருப்பருகே கொண்டுபோகும் வாசகர் அதை எரித்துவிடக்கூடும்.

## ஒரே பார்வையில்

| | மடிப்பு | மெல்லிய தாள் | சொல் | நிறம் |
|---|---|---|---|---|
| கையின் செயல் | விரித்தல் | தூக்குதல் | திரும்பப் படித்தல் | வடிகட்டிப் பார்த்தல் |
| உள்பொருளுக்கு இடம் | ஒரு முழு ஏ4 முகம் | பக்கத்துக்குப் பக்கம் | ஒரு சொல் அல்லது வாக்கியம் | பக்கம் முழுதும் |
| ஒளிநகலில் | இருபுறமும் எடுத்தால் பிழைக்கும் | அழியும் | பிழைக்கும் | அழியும் |
| பிரதிக்கு ஆகும் வேலை | குறைவு | மிக அதிகம் | இல்லை | நடுத்தரம் |
| மேல் அடுக்கை வளைப்பது | இல்லை | கொஞ்சம் | அதிகம் | அதிகம் |
| வெளியே நிற்பவர் | விரிக்கத் தோன்றாதவர் | பார்வை குறைந்தவர் | வேகமாகப் படிப்பவர் | நிறம் பிரித்தறியாதவர் |

## இரண்டைச் சேர்க்கலாமா

சேர்க்கலாம். ஆனால் ஒரு முறை இன்னொன்றுக்குக் குறிப்பாக அமைய வேண்டும். ‘வீட்டைக் காலி செய்வது எப்படி’ இதழுக்கு நான் மடிப்பையும் சொல்லையும் எடுப்பேன். ஓரத்தில் ‘போகாதே’ என்பதைக் கண்டவர் வேறெங்கே என்ன இருக்கிறது என்று தேடுவார். தேடும் கை தானாகவே தாளை விரிக்கும். மெல்லிய தாளைத்தான் மனம் மிகவும் விரும்புகிறது; ஆனால் முப்பது பிரதிகள் என்ற எண்ணிக்கை அதைத் தடுக்கிறது. பத்தே பிரதிகள் என்றால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு டிரேசிங் தாளிலேயே எட்டு அறைகளையும் வரைந்துவிடுவேன். மூன்று முறைகளை ஒரே இதழில் வைத்தால் வாசகர் பொருளை மறந்துவிட்டுப் பூட்டுகளை எண்ணத் தொடங்கிவிடுவார்.

எதைத் தேர்ந்தாலும் முப்பதையும் செய்வதற்கு முன் ஒன்றைச் செய்து, உள்ளே ஏதோ இருக்கிறது என்று அறியாத ஒருவர் கையில் கொடுத்து, எதுவும் சொல்லாமல் அவர் விரல்களைப் பாருங்கள். அவர் விரிக்காமல் வைத்துவிட்டால் கடைசிப் பக்கத்தின் குறிப்பை மாற்றுங்கள். விரித்துப் பார்த்துவிட்டு ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று மட்டும் சொன்னால் குறிப்பில் தவறில்லை. உள்ளே எழுதியதைத்தான் மீண்டும் எழுத வேண்டும்.